தோன்யா வீட்டுக்கு ஒழுங்கு வந்த கதை

ஊருக்கெல்லாம் கதை சொல்லிப் பிழைக்கிறவள் அந்தோனினா. எங்கள் ஊரில் அவள் பெயர் தோன்யா. வோல்கவ் ஆற்றங்கரையில், பழைய லதோகாவில், கோட்டை பார்க்க வரும் கூட்டத்துக்கு வழிகாட்டி. பஸ் வந்து நிற்கும், நாற்பது பேர் இறங்குவார்கள். பாதிப் பேர் கழிவறை எங்கே என்று கேட்பார்கள், மீதிப் பேர் ருஷ்யா எங்கே பிறந்தது என்று கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே முகத்தோடு கை காட்டுவாள்.

அவள் சொல்கிற கதையை இந்த ஊரில் பிறந்த நாய்க்குட்டி கூடச் சொல்லும். "இந்தக் கரையில இருந்த கூட்டங்களுக்குள்ள ஒத்துப்போகல. தினம் அடிதடி. யார் பேச்சையும் யாரும் கேக்கறதில்ல. கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? கடல் தாண்டிப் போய் வராங்கியர்களைக் கூப்பிட்டாங்க, வடக்கத்திக் கடலோடிகளை. 'எங்ககிட்ட நிலம் இருக்கு, விளைச்சல் இருக்கு, ஒழுங்குதான் இல்ல. நீங்க வந்து எங்களை ஆளுங்க'ன்னு கேட்டாங்க. ரூரிக் தன் தம்பிங்களோட கப்பல்ல வந்து இறங்கினான். முதல்ல இங்கதான் உக்காந்து ஆண்டானாம், அப்புறம்தான் நோவ்கொரத் நகரத்துக்குப் போனானாம். அப்படின்னு சொல்றாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை விடவே மாட்டாள். படித்தவர்கள் இதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு எதற்கு வம்பு என்பது அவள் எண்ணம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது சிரிப்பார். "தானா போயி கழுத்தை நீட்டுவாங்களா யாராவது? புத்தி இருந்துச்சா அவங்களுக்கு?" என்பார். முன்னெல்லாம் தோன்யாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். யெகோர் செத்த குளிர்காலத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதில்லை.

யெகோர் அவள் புருஷன். படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், நல்ல மனுஷன், குடியும் அளவோடுதான். ஒரு காலை விறகு எடுக்கப் போனவன் கொட்டகையிலேயே விழுந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. தோன்யா சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பு அணைந்தது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தது. நிலவறையில் உருளைக்கிழங்கு அழுகிற வாடை தெரு வரை வந்தது. அக்கம்பக்கத்தார் சூப் கொண்டுபோய் வைப்போம், மறுநாள் அது அப்படியே இருக்கும்.

அப்போதுதான் யெகோரின் அக்கா போன் செய்தாள். அவள் பெயர் கிளாவ்தியா தெமியானோவ்னா. முழுப் பேரையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், ஆனாலும் முழுசாகத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். வடக்கே ஒரு சுரங்க ஊரில் காண்டீனை நடத்தியவள். முந்நூறு சுரங்கத் தொழிலாளிகளைத் தட்டோடு வரிசையில் நிற்க வைத்தவள். எப்படி இருக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு தோன்யா சொன்ன பதில்தான் வினை.

"வீடு இருக்கு, தோட்டம் இருக்கு, விறகு இருக்கு, எல்லாம் இருக்கு. ஒழுங்குதான் இல்ல. நீங்க வந்து எல்லாத்தையும் பார்த்துக்கங்க."

தினம் மூன்று தடவை சொல்லி வாய்க்குப் பழகிய வசனம். துக்கத்தில் வேறு வார்த்தை வரவில்லை, இது வந்துவிட்டது. லதோகா வழிகாட்டியைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு நாக்குப் பிசகு வராது. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் அங்கே கிளாவ்தியா பெட்டியைக் கீழே இறக்கிவிட்டாள்.

இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கறி அரைக்கும் மிஷின், ஒரு பிரஷர் பார்க்கும் மிஷின். இவ்வளவோடு வந்து இறங்கினாள். தோன்யாவின் வீடு இருப்பது வராங்கியர் தெருவில். இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை, தெருவின் பெயரே அதுதான், யார் வேண்டுமானாலும் வந்து பலகையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே வாரத்தில் குழாய் ஓடியது, அடுப்பு எரிந்தது, ஜன்னல் கண்ணாடி மின்னியது. தோன்யா எழுந்து நடந்தாள். அவளைப் பிழைக்க வைத்தது கிளாவ்தியாதான், அதை யாரும் மறுக்க முடியாது. தோன்யாவும் மறுக்கவில்லை. தொல்லையே அங்கேதான் இருந்தது.

உப்பு இருந்த இடத்துக்குச் சர்க்கரை வந்தது. ஜன்னலோரம் தோன்யா உட்காரும் நாற்காலி, காற்று அடிக்கிறது என்று மாடிக்குப் போனது. சோயிக்கீரை என்றால் தோன்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே குமட்டும். கிளாவ்தியா எல்லாவற்றிலும் சோயிக்கீரை போட்டாள், உடம்புக்கு நல்லதாம். பகல் ஒரு மணிக்குச் சூப். ஒன்றே கால் ஆனால் கிளாவ்தியா வாசலில் நிற்பாள், கையில் கரண்டியோடு. புதன்கிழமை பாட்டுக் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தாள் தோன்யா. "தொண்டை கெட்டுப்போகும், அதுதானே அவ சோறு" என்று குழுத் தலைவியிடம் கிளாவ்தியாவே போய்ச் சொல்லி நிறுத்திவிட்டாள். போன் வந்தால், "யாரு? ஸ்பீக்கர்ல போடு, எனக்கும் கேக்கட்டும்." பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்பாள்.

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். அடித்திருந்தால் ஊரைக் கூட்டலாம். ராத்திரி ஈரமான பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்துக் காய வைத்துத் தருகிறவளை என்ன செய்வது? கடைத்தெருவில் நாங்கள் வேறு சும்மா இருக்க மாட்டோம். "உனக்கென்னம்மா தோன்யா, குடுத்து வச்சவ, பொறந்த வீட்டு அம்மா கூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க" என்போம். தோன்யா ஆமாம் என்று சொல்லிவிட்டு, சொந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாள். சாவி கிளாவ்தியாவிடம். தோன்யா தொலைத்துவிடுவாளாம்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "கிளாவ்தியா தெமியானோவ்னா, நான் இப்ப நல்லாத்தான் இருக்கேன். நீங்க உங்க ஊரைப் பார்க்கணும்னா..."

கிளாவ்தியா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊரா? எந்த ஊரு? சுரங்கத்தை மூடிட்டான். எங்க கட்டடத்துல என்னையும் சேர்த்து நாலு வீடுதான் இருந்துது. நான் கிளம்பின மாசமே தண்ணியை நிறுத்தி, ஜன்னலுக்குப் பலகை அடிச்சிட்டான். நானா வந்தேன்? நீதானே கூப்பிட்டே!" பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பிரஷர் மிஷினை எடுத்தாள். அந்த மிஷின் 'புஸ்' என்று காற்று விட்டு ஓயும் வரை தோன்யா பக்கத்திலேயே நின்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான், கிளாவ்தியா வந்து சில வருஷம் ஆன பிறகு, இந்த இலையுதிர் காலத்தில், இன்னாவின் போன் வந்தது. இன்னா அவளோடு படித்தவள், நோவ்கொரத்தில் வழிகாட்டி. நல்லவேளையாக தோன்யா அப்போது கோட்டையில் இருந்தாள்.

"இங்க ஒரு இடம் காலியாகுதுடி. ரூரிக்கோட கோட்டைமேடு, பழைய தேவாலயம், எல்லாம் உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆபீஸுக்கு மேலேயே ஒரு ரூம் தர்றாங்க. சின்னதுதான், ஆனா சாவி உன் கையில. திங்கக்கிழமைக்குள்ள வரணும், இல்லேன்னா ஒரு சின்னப் பொண்ணை எடுத்துடுவாங்க."

சாவி உன் கையில் என்றதும் தோன்யாவுக்குக் கண் கரித்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை வோலக்தாவிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர்கள் கூட்டம் ஒன்று வருவதாக இருந்தது. கோட்டை, பிறகு ஆற்றோரம் உள்ள புதைமேடுகள், அங்கிருந்து அப்படியே பஸ்ஸில் நோவ்கொரத். டிரைவர் ரினாத் தெரிந்தவன், ஒரு சீட்டு வைக்கிறேன் என்றான். மிச்சம் இருந்தது பெட்டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளாவ்தியாவைத் தாண்டி நடக்க முடியுமா? தோன்யா துணிகளை உடம்பிலேயே கடத்தினாள். ஒரு நாள் இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு நாள் பாவாடைக்குள் பாவாடை. கோட்டையில் டிக்கெட் அறைக்குப் பின்னால் கழற்றி ஒரு பைக்குள் திணிப்பாள். திரும்பி வரும்போது ஒல்லி.

"காலையில பார்த்தா உடம்பு தேறின மாதிரி இருக்கே" என்று கிளாவ்தியா சந்தோஷப்பட்டாள். "என் சூப் சேருது உனக்கு."

கழுத்தில் வேர்வை ஓட, தோன்யா ஆமாம் என்றாள்.

சனிக்கிழமை காலை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பை முந்தின நாளே டிக்கெட் அறைக்குப் போய்விட்டது, பஸ் வந்ததும் அதை அடியில் ஏற்றிவிடுவதாக ரினாத் சொல்லியிருந்தான். கையில் தினம் எடுத்துப் போகும் கைப்பை மட்டும். கஞ்சி குடித்தாள், கோட்டு மாட்டினாள், சால்வை கட்டினாள், பூட்ஸ் போட்டாள். சமையலறையில் கிளாவ்தியா முட்டைக்கோஸ் நறுக்கும் சத்தம். கதவுப் பிடியில் கை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில்தான் தோன்யா செய்யக்கூடாததைச் செய்தாள். செருப்பு மாட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தூரப் பயணம் கிளம்பும் முன் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து எழாமல் எங்களில் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். வீட்டில் உள்ள எல்லோரும் உட்காருவார்கள். கடைக்குப் போகிறவர்கள் உட்கார மாட்டார்கள், வேலைக்குப் போகிறவர்களும் உட்கார மாட்டார்கள். தோன்யா யோசித்து உட்காரவில்லை. அப்பா பட்டாளத்துக்குப் போனபோதும், அவள் படிக்கப் போனபோதும், கல்யாணத்துக்குக் கிளம்பினபோதும் உட்கார்ந்த உடம்பு, இந்த முறையும் தானாக உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு திட்டம் போட்ட மூளைக்கு முழங்காலைத் தடுக்கத் தெரியவில்லை.

நறுக்கும் சத்தம் நின்றது. கிளாவ்தியா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கோட்டும் சால்வையுமாக, கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மேல்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஒருவர் பயணம் கிளம்பினால் வீட்டில் இருப்பவரும் உட்கார வேண்டும் அல்லவா, முறையை விடுகிறவளா அவள்?

தோன்யா கண்ணைத் திறந்தபோது எதிரே கிளாவ்தியா.

"தூரமா?" என்றாள் கிளாவ்தியா.

"வேலைக்குத்தான். கால் வலிச்சுது, உக்காந்தேன்."

"சரி." கிளாவ்தியா எழுந்து ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்தாள். "நானும் வர்றேன்."

"எங்க?"

"கோட்டைக்கு. இத்தனை வருஷமா இங்க இருக்கேன், கல்லைப் பார்க்கக் காசு குடுத்து வர்ற ஜனங்களைப் பார்த்திருக்கேன், கல்லைப் பார்த்ததில்ல. வரக்கூடாதா?"

வரக்கூடாது என்று எப்படிச் சொல்வது? இருவரும் வராங்கியர் தெருவில் நடந்தார்கள். ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. வழியெல்லாம் தோன்யா பஸ்ஸின் அடியில் ஏறப்போகும் பையை நினைத்தாள், ரினாத் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

டீச்சர்கள் பஸ்ஸிலிருந்து பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். தோன்யா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கிளாவ்தியா ஒரு தடவை கையைத் தட்டினாள். "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க! சிவப்புத் தொப்பி, உங்களைத்தான், காதை மூடுங்க, காத்து அடிக்குது!" வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய பெண்கள், தங்களை ஒருத்தி நிறுத்தியதில் மனம் குளிர்ந்து போனார்கள். கோபுரப் படியில் யார் முதலில் ஏறுவது, யாருக்கு முழங்கால் வலி, யார் கீழேயே இருக்கலாம், எல்லாவற்றையும் கிளாவ்தியாவே முடிவு செய்தாள்.

"இந்தம்மாவை எங்களோட நோவ்கொரத்துக்கு அனுப்புங்களேன்" என்றாள் சிவப்புத் தொப்பி போட்ட கணக்கு டீச்சர். கிளாவ்தியா சிரித்தாள். தோன்யா அவசரமாக எல்லோரையும் தேவாலயத்துப் பக்கம் திருப்பினாள்.

அன்று கோட்டையில் அவள் எல்லாம் சொன்னாள். சுவரின் கனம், வெள்ளைத் தேவாலயத்தின் சித்திரம், அகழாய்வில் கிடைத்த சீப்பு, மணி, எல்லாம். ரூரிக் கதையை மட்டும் சொல்லவில்லை. கிளாவ்தியா முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

புதைமேட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள், கிளாவ்தியா டிரைவருக்குப் பின்சீட்டில். அது தோன்யாவுக்கு ரினாத் வைத்திருந்த சீட்டு. கீழே ஆறு கறுப்பாக ஓடியது, மேட்டுப் புல் காய்ந்து மஞ்சளாக இருந்தது. இந்த மேட்டின் அடியில்தான் ஒலேக் அரசன் கிடக்கிறான், செத்துப்போன தன் குதிரையின் மண்டையோட்டிலிருந்து வந்த பாம்பு கடித்து, அப்படின்னு சொல்றாங்க, என்று தோன்யா முடித்தாள்.

"அதெல்லாம் சரி, ரூரிக் கதையைச் சொல்லலியே?" என்றாள் கணக்கு டீச்சர். "அதைக் கேக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

நாற்பது முகம் அவளையே பார்த்தது. தோன்யா சொன்னாள். அடிதடியைச் சொன்னாள், கடல் தாண்டிப் போனதைச் சொன்னாள். 'ஒழுங்குதான் இல்ல' என்ற இடத்தை வேகமாகச் சொல்லிக் கடந்தாள். கிளாவ்தியா தலையை நிமிர்த்தினாள். அவள் அந்த வார்த்தையை முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறாள், போனில்.

வழக்கமான கேள்வி வந்தது, கணக்கு டீச்சரிடமிருந்துதான். "கூப்பிட்டது சரி, சிரமம் தீர்ந்ததும் போகச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஒருத்தன் எதிர்த்தான்னு சொல்றாங்க. கொன்னுட்டாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க போகவே இல்ல. எழுநூறு வருஷத்துக்கு மேல அந்த வம்சம்தான் ஆண்டுது."

கூட்டம் சிரித்தது. "கூப்பிட்டவங்க பாவம்!" என்றது ஒரு குரல்.

"வந்தவனைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தோணலியா?" இது கிளாவ்தியா. கையைத் தட்டாமலே எல்லோரும் திரும்பினார்கள். "வாங்கன்னு கூப்பிட்டா அவன் இருந்ததையெல்லாம் விட்டுட்டுத்தானே வந்திருப்பான்? வீட்டை விட்டிருப்பான், தெருவை விட்டிருப்பான். வேலை முடிஞ்சுது போன்னா எங்கே போவான்? கப்பல் வந்த வழியா போனா அங்க அவனுக்குன்னு ஜன்னல்ல விளக்கு வச்சிட்டு யாராவது நிப்பாங்களா?"

நல்ல கேள்வி என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பிறகு படம் எடுக்க எல்லோரும் மேட்டின் மேல் ஏறினார்கள். கீழே இவர்கள் இருவரும்.

"நோவ்கொரத்தா?" என்றாள் கிளாவ்தியா.

தோன்யா சால்வை முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"பீரோவுல பாதித் துணி இல்லேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் அடுக்கின பீரோ அது. நீ சாயம் போட எங்கேயோ குடுத்திருக்கேன்னு நினைச்சேன். இன்னைக்கு நீ ஸ்டூல்ல உக்காந்தப்பதான் புரிஞ்சுது." குரலில் கோபம் இல்லை. "எதுக்குடி ஓடறே? வீடு உங்கப்பா கட்டினது. உன் வீட்டை விட்டு நீ எதுக்கு ஓடணும்? கூப்பிட்டது உன் வாய்தானே, அதே வாயால போன்னு சொல்லு. ஒரு வார்த்தை. இன்னைக்கே பெட்டியைக் கட்டறேன்."

"எங்க போவீங்க?"

"அது உன் கவலை இல்ல. நீ சொல்லு."

கிளாவ்தியா நெஞ்சில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் தோன்யா தப்பித்திருப்பாள், இது நடிப்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். கிளாவ்தியாவின் இரண்டு கையும் பக்கத்தில் சும்மா தொங்கின. முட்டைக்கோஸ் நறுக்கிய விரல்கள் காற்றில் சிவந்திருந்தன. அவசரத்தில் கையுறை எடுக்காமல் வந்திருக்கிறாள். எல்லோருக்கும் காதை மூடச் சொன்னவள்.

தோன்யா வாயைத் திறந்தாள். போங்க. சின்ன வார்த்தைதான். காற்றிலும் மழையிலும் நாற்பது பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அவளுடையது. அந்த ஒரு வார்த்தை அதில் ஏறவில்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்த கட்டடம் கண்ணில் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் சுவர்ப் பக்கமாகக் கிடந்த தன்னைத் திருப்பிப் போட்டு வாயில் சூப் ஊற்றியதும் இதே கைதான் என்பது நினைவுக்கு வந்தது. தன்னை இந்தப் பெண் சாகும்வரை விடப்போவதில்லை என்பதும் அப்போதே தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள்.

மேட்டிலிருந்து டீச்சர்கள் இறங்கினார்கள். ரினாத் ஹார்ன் அடித்தான்.

"தோன்யா, ஏறலியா?" என்று கத்தினான்.

"பையை எடுத்துக் கொடுப்பா" என்றாள் தோன்யா. பிறகு கிளாவ்தியாவிடம், "வாங்க, சூப்புக்கு நேரமாச்சு" என்றாள்.

பஸ் நோவ்கொரத் சாலையில் திரும்பியது. கணக்கு டீச்சர் பின்கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். கிளாவ்தியா பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள். நான் தூக்கறேன் என்று தோன்யா கை நீட்டினாள். "உனக்கு முதுகு வலி வரும்" என்று சொல்லி அவள் கொடுக்கவில்லை. ஆற்றோரமாக இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் தோன்யா கொஞ்சம் அழுதாள். கிளாவ்தியா திரும்பிப் பார்க்கவில்லை, கர்ச்சீப்பை மட்டும் பின்பக்கமாக நீட்டினாள்.

நோவ்கொரத்தில் அந்த வேலைக்கு ஒரு சின்னப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். நன்றாகப் பேசுகிறாளாம்.

அன்று மத்தியானம் கிளாவ்தியா பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஒவ்வொரு துணியாக எடுத்து உதறினாள். கம்பளிச் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"இப்படியா சுருட்டி வைப்பாங்க? பாரு, எப்படிக் கசங்கியிருக்கு. போற இடத்துல நாலு பேர் என்ன நினைப்பாங்க? சொல்லியிருந்தா நானே மடிச்சு வச்சிருப்பேன்ல?"

மடித்துத்தான் வைத்திருப்பாள். அழுதுகொண்டே, மடிப்புக் கலையாமல், கை மேல் கை படிய மடித்திருப்பாள். அது தோன்யாவுக்குத் தெரியும்.

"அடுத்த தடவை சொல்றேன்" என்றாள் தோன்யா.

"சொல்லு" என்றாள் கிளாவ்தியா, சட்டையை அதன் இடத்தில் வைத்து, பீரோவைப் பூட்டினாள்.